செழியன் என்னும் பெயர்

பெயரின்றி வழங்கும் பொருள் உலகில் இல்லை. ஊருக்குப் பெயர் உண்டு. ஆற்றுக்குப் பெயர் உண்டு. அவற்றைப் பிழைபட எழுதினும் ஊரும் ஆறும் வருந்துவதில்லை. மக்கட்பெயரோ அத்தகையதன்று. பிறர் இட்டதை ஒருவன் வாழ்நாள் முழுதும் தாங்க வேண்டும். அதனைத் தேர்ந்தெடுக்கும் நாளில் அதற்கு உரியவன் தொட்டிலில் உறங்கிக்கொண்டிருப்பான். அவனைக் கேட்பார் எவரும் இலர்.

கடலூர் மாவட்டத்தில், நெய்வேலிக்கு அண்மையில், முந்திரித் தோப்புகளிடையே அமைந்த ஊர் முத்தாண்டிக்குப்பம். அவ்வூரில் ஒரு வீட்டில் ஆண்மகவு பிறந்தது என்றும், அதற்குச் செழியன் எனப் பெயரிடத் துணிந்தனர் என்றும் கொள்க. செழியன் என்பது பாண்டியர் குடிக்குரிய பழம்பெயர். வீட்டார் அனைவரும் மகிழ்ந்து உடன்பட்டனர். பெயரைக் குறித்து அங்குப் பூசல் இல்லை. அப்பெயரை ஆங்கில எழுத்தில் எழுதப் புகுந்தபொழுதே பூசல் தொடங்கியது. ‘எஸ்’ என்னும் எழுத்தில் தொடங்குக என்றார் தந்தையார். ‘சி, எச்’ என்னும் ஈரெழுத்தே முறை என்றார் தாய்மாமன். ழகரத்திற்கு ‘எல்’ போதும் என்றார் சிற்றப்பா; ‘இசட், எச்’ வேண்டும் என்றாள் கல்லூரியில் பயிலும் அத்தைமகள். எண் கணிதம் அறிந்தவர் என்று பெயர்பெற்ற ஒருவர் வந்து, இறுதியில் இன்னும் ஓர் ‘என்’ சேர்த்தால் நன்மை மிகும் என்றார். ஒரு பெயர் அரைமணிப் பொழுதில் ஏழெட்டுப் பெயராயிற்று.

இஃது அவ்வீட்டாரின் அறியாமை அன்று. தமிழ் எழுத்தின் இயல்பு அத்தகையது. பச்சை, பஞ்சு, பசு என்னும் மூன்று சொற்களையும் உரக்கச் சொல்லிப் பார்த்தால், சகரம் மூன்றிடத்தும் மூன்று வகையாக ஒலிப்பது புலனாகும். தமிழர் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ண வேண்டிய தேவையும் அவர்க்கு இல்லை. இடம் நோக்கி ஒலி தானே மாறும். ஆங்கிலமோ அம்மூன்று ஒலிக்கும் வேறுவேறு எழுத்து வைத்துள்ளது. ஆதலின் தமிழில் ஒன்றாய் இருப்பது அங்குச் சென்றதும் பலவாய்ப் பிரிகிறது.

இதற்கு ஒரு நல்ல சான்று தமிழக அரசியல் வரலாற்றிலேயே உண்டு. 1967-இல் அமைந்த அறிஞர் அண்ணாவின் அமைச்சரவையில் கல்வி அமைச்சராய் விளங்கியவர் இரா. நெடுஞ்செழியன். 1962-இல் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்று, நாடாளுமன்றத்தில் நெடுங்காலம் பணியாற்றியவர் இரா. செழியன். இருவரும் உடன்பிறந்தோர், இருவரும் சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்றோர். தமிழில் எழுதும்பொழுது தம்பியின் பெயர் அண்ணன் பெயருக்குள் முழுமையாய் அடங்கியிருக்கும். ஆங்கிலத்திலோ அண்ணன் பெயரிலுள்ள செழியனுக்குச் ‘சி, எச்’ வந்தது. தம்பியின் செழியனுக்கு ‘எஸ்’ வந்தது. முன்னெழுத்தும் அவ்வாறே பிரிந்தது. அண்ணன் ‘வி. ஆர்.’ ஆனார். தம்பியோ ‘இரா’ என்பதனையே ஆங்கில எழுத்தில் பெயர்த்து எழுதினார். அது ஊழி எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லாய் அமைந்தது. தமிழ் அறியாதார் அவ்விரு பெயரையும் கண்டால் உடன்பிறந்தோர் பெயர் என்று ஐயுறவும் மாட்டார்.

எனினும் இருவருள் எவர் எழுதியதும் பிழை அன்று. மெல்லெழுத்தை அடுத்து வரும் சகரம் வல்லென ஒலிக்கும். சொல்லின் முதலில் அது பெரும்பாலும் மெலிந்து ஒலிக்கும். அவரவர் பெயருக்கு அவரவர் எழுத்துப் பொருந்துகிறது. எழுத்து எதுவாயினும் அதனை மாற்றாது வழங்குவதே வேண்டுவது. ஷா ஆணையத்தின் அறிக்கையை மீட்டு 2010-இல் இரா. செழியன் நூலாய் வெளியிட்டபொழுதும், அவர் பெயர் அதே ‘எஸ்’ என்னும் எழுத்தோடுதான் நின்றது.

சகரத்தின் செய்தி இவ்வளவே. ழகரத்தின் செய்தி இதனினும் அரியது. ஆங்கிலத்தில் அதற்கு எழுத்தே இல்லை. ‘இசட், எச்’ என இரண்டைக் கூட்டி எழுதுவது தமிழகத்து வழக்கு. கோழிக்கோடு, ஆலப்புழை முதலிய ஊர்ப்பெயர்களைக் கேரளத்தாரும் அவ்வாறே எழுதுவர். ஈழம் என்னும் சொல்லோ ‘எல்’ என்னும் எழுத்தால் எழுதப்பெறுகிறது. தமிழ் என்னும் மொழிப்பெயரையே உலகம் அவ்வாறுதான் எழுதுகிறது. தமிழரும் அதனை ஏற்றுக்கொண்டனர். இது சற்றே நகைப்பிற்கு இடமானது. தம் மக்கள் பெயரிலுள்ள ழகரத்தைக் காக்க ஈரெழுத்துத் தேடுவோர், தம் மொழியின் பெயரில் அதனை விட்டுக்கொடுத்துவிட்டனர்!

எதனைக் கொள்வது? நெய்வேலி நகரியத்தில் பல மாநிலத்தவர் பணிபுரிகின்றனர். ‘இசட், எச்’ என்று எழுதிய பெயரை அவருட் சிலர் ‘செசியன்’ எனப் படிக்கக்கூடும். ‘எல்’ என்று எழுதினால் ‘செலியன்’ என்பர். அஃது ஒருவகையில் செவிக்கு அண்மையது. ஆயினும் அதனைத் தமிழர் ஒருவர் திரும்பத் தமிழில் எழுத நேர்ந்தால் லகரமோ, ளகரமோ, ழகரமோ என்று திகைப்பார். ஈரெழுத்தைக் கண்டவர் ஐயமின்றி ழகரத்தை எழுதுவார். பிறமொழி எழுத்துக்குப் போன பெயர் பழுதின்றித் தமிழுக்கு மீள வேண்டும். மீளும் வழியை அடைக்காத எழுத்துக்கூட்டே சிறந்தது. இவ்வளவையால் பார்த்தால் ‘எஸ்’, ‘சி, எச்’ ஆகிய இரண்டும் ‘செ’ என்பதற்கே மீளும்; ஆதலின் தந்தையார் வென்றாலும் தாய்மாமன் வென்றாலும் கேடில்லை. ழகரத்திலோ அத்தைமகள் சொன்னதே தக்கது.

எண் கணிதத்தைப் பற்றி மிகுதியாகக் கூற வேண்டுவதில்லை. தமிழ்க் குழந்தையின் நற்பேற்றை அறியத் தமிழ் எழுத்தை விடுத்து ஆங்கில எழுத்தை எண்ணுவது ஏன் என்று மட்டும் வினவலாம். ராஜேஷ் என்பதா, இராசேசு என்பதா எனத் தமிழ் எழுத்திலேயே எழும் வழக்கு வேறு. அங்கும் வீட்டார் ஒன்றைத் துணிந்தபின் மாற்றாதிருத்தல் வேண்டும்.

தமிழ் வடிவத்தின் உறுதியைக் காண அண்ணாமலை என்னும் பெயர் ஒன்றே போதும். 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியபொழுது, அப்பெயரிலுள்ள ‘ணா’, ‘லை’ ஆகிய இரண்டின் வடிவமும் மாறின. ஆயினும் எந்த அண்ணாமலையும் தம் பெயர் மாறியதாக எண்ணவில்லை. ஆங்கில வடிவம் அத்துணை உறுதி உடையதன்று. 2020-ஆம் ஆண்டு சூன் திங்களில் 1018 ஊர்களின் பெயரைத் தமிழ் ஒலிக்கு ஏற்ப ஆங்கிலத்தில் எழுதுமாறு அரசு ஆணை வெளியிட்டது. எழுத்துக்கூட்டைப் பற்றிப் பல குறைகள் எழவே, அத்திங்களிலேயே அதனைத் திரும்பப் பெற்றது. முத்தாண்டிக்குப்பம் என்னும் பெயரிலேயே ககரத்தை ஒருவர் இரட்டித்து எழுதுவர். மற்றொருவர் ஒன்றோடு நிறுத்துவர்.

ஊர் இதனைப் பொறுக்கும், ஆவணம் பொறுக்காது. நெய்வேலி வட்டாரம் நிலக்கரிக்காக நிலம் கொடுத்த வட்டாரம். பட்டாவில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் வேறொரு பெயரும் இருப்பின், இருவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்கும் சுமை அப்பெயர்க்கு உரியவர் தோள்மேல் விழும். 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, பிறப்பை 21 நாளுக்குள் தெரிவித்தல் வேண்டும். பெயரையோ அன்றே எழுத வேண்டும் என்பதில்லை; 12 திங்களுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம்; அதன்பின் 15 ஆண்டு வரையிலும் கட்டணம் செலுத்திச் சேர்க்க இடமுண்டு. ஆதலின் அவசரம் வேண்டுவதில்லை. ஆனால் 2023-ஆம் ஆண்டின் திருத்தத்தால், அவ்வாண்டு அக்டோபர் முதல் நாளுக்குப் பின் பிறந்தவர்க்குப் பள்ளிச் சேர்க்கை முதல் அரசுப் பணி வரை பிறப்புச் சான்றிதழே அடிப்படையாகிறது. அதில் விழும் ஓர் எழுத்து, அச்சிறுவன் செல்லுமிடமெல்லாம் அவனுக்கு முன்னே செல்லும்.

முத்தாண்டிக்குப்பத்து வீட்டில் அவசரப்படவில்லை. எண் கணிதர்க்கு மோர் கொடுத்து அனுப்பினர். பின்பு பாட்டியை அழைத்து, பேரன் பெயரை உரக்கச் சொல்லுமாறு வேண்டினர். அம்மூதாட்டி ஆங்கிலம் அறியாதவர். அவர் பெயரைச் சொல்ல, முதலெழுத்து மெலிந்து ஒலித்தது. ழகரம் பிழையின்றி வந்தது. தந்தையார் படிவத்தை எடுத்து, முதலில் தமிழில் எழுதினார். அதன்பின் ‘எஸ்’ என்று தொடங்கினார். ‘இசட், எச்’ வரும் இடத்தில் சற்றே நிறுத்தித் தங்கை மகளை நோக்கினார். அவள் தலையசைத்தாள்.