அத்திவாரத்திற் கிடைத்த கல்

சென்ற வாரம் எம் அயலிலே புதிய வீடொன்றுக்கு அத்திவாரம் வெட்டினார்கள். மண்ணோடு கிளம்பிய சுண்ணாம்புக்கல் ஒன்றைப் பக்கத்து வீட்டுச் சிறுவன் தூக்கி வந்தான். "மாமா, இந்தக் கல்லுக்குள்ளே சிப்பி எப்படிப் போனது?" என்று கேட்டான்.

சிப்பி கல்லுக்குள்ளே போகவில்லை. சிப்பியைச் சூழ்ந்தே கல் உண்டாயிற்று. யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதற்கும் அடித்தளமாயுள்ள சுண்ணாம்புக்கல், மயோசீன் எனப்படும் காலத்திற் கடலடியிற் படிந்தது. அக்காலம் முடிந்தே 50 இலட்சம் ஆண்டுகளுக்கு மேலாகின்றன. நாம் கிணறு வெட்டுந்தோறும் அப்பழைய கடலின் தரையையே வெட்டுகின்றோம்.

அக்கல்லை நாம் எவ்வாறு போற்றினோம்? மதில் கட்டினோம், சூளையிலிட்டுச் சுண்ணாம்பாக்கினோம். 1950இல் நிறுவப்பெற்று 1990இல் நின்றுபோன காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்காக அகழ்ந்த பெருங் குழிகளை இன்றும் காணலாம்.

தமிழ்நாட்டிற் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரிலே கல்லாய் மாறிய மரமொன்று கிடக்கின்றது. நீளம் ஏறத்தாழ 18 மீற்றர். வயது சுமார் 12 கோடி ஆண்டுகள் என்பர். 1940இல் நிலவியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் அதனை உலகறியச் செய்தார். இன்று வேலியிட்டு, தேசிய நிலவியற் சின்னமாகப் பாதுகாக்கின்றார்கள். அவ்வூருக்கு அதுவே அடையாளம்.

நமது கல்லுக்கோ அதனினும் நெருங்கிய உறவு நம்மோடு உண்டு. வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத இக்குடாநாட்டில், மாரி மழையை வெடிப்புகளின் வழியே உள்வாங்கி வைத்திருப்பது இக்கல்லே. அந்நன்னீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றின் மேல்நீர் நன்னீராகவும் ஆழ்நீர் உவராகவும் இருப்பது இதற்குச் சான்று. அளவின்றி இறைத்தால் உவர் மேலெழும். கழிவைக் கொட்டினால் அது வடிகட்டப்படாமலே கிணற்றைச் சேரும்.

இதனை நூலிற் படிப்பதினும் கண்ணாற் காண்பது நன்று. கிணறு வெட்டும்போதோ அத்திவாரம் தோண்டும்போதோ சிப்பியும் துளையும் தெளிவாய்த் தெரியும் கல் கிடைத்தால், அதனை ஊர்ப் பாடசாலை முற்றத்தில் நாட்டி, அதன் வரலாற்றை நாலு வரியில் எழுதி வைக்கலாகாதா? பெருஞ் செலவு வேண்டியதில்லை. தாம் குடிக்கும் நீர் எங்கே தங்கியிருக்கின்றதென்பதைப் பிள்ளைகள் தொட்டுப் பார்த்து அறிவார்கள்.

சிறுவன் கொணர்ந்த கல் இப்போது எம் கிணற்றடியில் இருக்கின்றது. தண்ணீர் அள்ள வருவோரெல்லாம் அதனைக் குனிந்து பார்த்துவிட்டே செல்கின்றனர்.