பெயின்ட்பால்: முதல் நிமிஷத்திலேயே அவுட் ஆனவர் மீதி நேரம் என்ன செய்வார்?

சில மாதங்களுக்கு முன் எங்கள் அலுவலக டீம் அவுட்டிங்கில் பெயின்ட்பால் ஆடினோம். மொத்தம் 16 பேர், எட்டுக்கு எட்டு. விசில் அடித்த முதல் நிமிடத்திலேயே என் பக்கத்து சீட் அக்காவின் தோளில் மஞ்சள் பெயின்ட். "அவுட்டாம்பா" என்று சிரித்துக்கொண்டே வெளியே போனவர், வலைக்குப் பின்னால் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டாவது ஆட்டத்திலும் அதே கதை. மூன்றாவதுக்குக் கூப்பிட்டபோது, "நீங்க ஆடுங்க, நான் போட்டோ எடுக்கறேன்" என்றார். மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் போட்டோகிராபர்களின் எண்ணிக்கை ஐந்து ஆகிவிட்டது.

தலைக்கு இவ்வளவு என்று எல்லாருக்கும் ஒரே பணம்தான் கட்டியிருந்தோம். ஆனால் உருப்படியாக ஆடியது ஆறு பேர். ஏற்கெனவே இரண்டு மூன்று முறை ஆடிப் பழகியவர்கள், அப்புறம் மொபைலில் சுட்டுச் சுட்டே வளர்ந்த இரண்டு பசங்க.

"பெயின்ட்பால்னா அப்படித்தான் ப்ரோ. பயந்தவங்களுக்கான கேம் இல்ல" என்றார் ஒரு நண்பர். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அன்று நாங்கள் ஆடியது ஒரே ஒரு வகை: இரண்டு அணி, குண்டு பட்டால் அவுட், கடைசி ஆள் வரை ஆட்டம். இதை எலிமினேஷன் என்பார்கள். எந்த மைதானத்துக்குப் போனாலும் முதலில் இதைத்தான் ஆட வைப்பார்கள், காரணம் விதியை ஒரே வரியில் சொல்லிவிடலாம். போட்டிக்காகவே வரும் ஆட்களுக்கு இது சரி. பாதிப் பேர் முதல் முறையாக கன் பிடிக்கும் ஒரு கலவையான கூட்டத்துக்கு இதைவிட மோசமான தேர்வு கிடையாது. யாருக்குப் பழக அதிக நேரம் வேண்டுமோ அவரைத்தான் இது முதலில் வெளியே அனுப்புகிறது.

முதல் ஆட்டத்தில் ஜெயித்தவர் சுடவே இல்லை

பெயின்ட்பாலின் பிறப்பே எலிமினேஷனில் இல்லை. 1981 ஜூன் 27 அன்று அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், ஹெனிக்கர் என்ற சிற்றூரை ஒட்டிய காட்டில் 12 பேர் இதை முதன்முதலில் ஆடினார்கள். எழுத்தாளர் சார்லஸ் கெயின்ஸ், பங்குச்சந்தை வேலை பார்த்த அவரது நண்பர் ஹேஸ் நோயல், இன்னொரு நண்பர் பாப் கர்ன்ஸி ஆகியோரின் ஏற்பாடு அது. காட்டுக்குள் விட்டால் நகரத்து ஆள் தாக்குப்பிடிப்பானா, கிராமத்து ஆள் தாக்குப்பிடிப்பானா என்ற வாய்த்தகராறுதான் தொடக்கம். கையில் இருந்தது நெல்ஸ்பாட் 007. வெட்ட வேண்டிய மரத்துக்கும் மந்தையில் பிரிக்க வேண்டிய மாட்டுக்கும் தூரத்திலிருந்தே பெயின்ட் அடையாளம் வைக்கத் தயாரித்த கருவி அது.

அன்றைய விதிப்படி காட்டுக்குள் வெவ்வேறு இடங்களில் கொடிகள் வைக்கப்பட்டிருந்தன. யார் கண்ணிலும் படாமல், அடியும் வாங்காமல் எல்லா நிறக் கொடியையும் எடுத்துக்கொண்டு வெளியேற வேண்டும். ஜெயித்தவர் ரிச்சி ஒயிட், காட்டு மரங்களோடே வேலை பார்க்கும் ஃபாரெஸ்டர். அவர் ஒரு குண்டுகூடச் சுடவில்லை.

ஆக, குறி தப்பாமல் சுடுவது இந்த விளையாட்டின் ஒரு பகுதி மட்டும்தான். பதுங்குவது, ஓடுவது, கவனிப்பது, அடுத்தவருக்குக் காவல் நிற்பது, கத்தித் தகவல் சொல்வது எல்லாம் இதிலேயே இருக்கின்றன. இவற்றுக்கும் மதிப்புக் கிடைக்கிற ஃபார்மேட்டை எடுத்தால் போதும்.

கபடியில் இருப்பது இங்கே ஏன் இல்லை?

கபடியில் அவுட் ஆனவர் கோட்டுக்கு வெளியே நிற்பார். ஆனால் அவர் கதை முடிந்துவிடாது. தன் அணி எதிரணியில் ஒருவரை அவுட் ஆக்கினால் இவர் உயிர் பெற்று உள்ளே வருவார். அதனாலேயே வெளியே நிற்பவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆட்டத்தைப் பார்ப்பார். சின்ன வயதில் தெருவில் ஆடிய லாக் அண்ட் கீயிலும் அப்படித்தான். 'லாக்' ஆகி நின்றவனை நண்பன் ஓடிவந்து தொட்டால் மறுபடி ஓட்டம்.

பெயின்ட்பாலில் இதற்கு இணையானது 'மெடிக்' ஆட்டம். ஒவ்வொரு அணியிலும் ஒருவரோ இருவரோ மருத்துவர். குண்டு பட்டவர் அதே இடத்தில் முட்டி போட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு "மெடிக்!" என்று கத்த வேண்டும். மருத்துவர் வந்து துணியால் பெயின்ட்டைத் துடைத்துவிட்டால் மீண்டும் ஆட்டத்தில் சேரலாம். மருத்துவரே அடிபட்டால் அவ்வளவுதான். அதனால் அவருக்கு முன்னும் பின்னும் காவல் போட வேண்டியிருக்கும், டீம்வொர்க் என்று யாரும் பாடம் நடத்தாமலேயே அது வந்துவிடும். ஒரு ஜாக்கிரதை: யார் மருத்துவர் என்பதை எதிரணிக்குச் சொல்லாதீர்கள். சொன்னால் முதல் முப்பது குண்டும் அவர் முதுகில்தான்.

ஆனால் என்னைக் கேட்டால், முதல் முறை ஆடும் அலுவலகக் கூட்டத்துக்குச் சிறந்தது 'டாமினேஷன்'. மைதானத்தின் நடுவில் ஒரு பலகை. ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் நீலம். ஓடிப்போய் உங்கள் நிறம் தெரிகிற மாதிரி திருப்பி வைக்க வேண்டும். பத்து நிமிடம் முடிந்து விசில் அடிக்கும்போது எந்த நிறம் தெரிகிறதோ அந்த அணிக்கு வெற்றி. குண்டு பட்டவர் தன் தளத்துக்குத் திரும்பிப் போய் அங்குள்ள கம்பத்தைத் தொட்டுவிட்டு மறுபடி வரலாம், எத்தனை முறை வேண்டுமானாலும். யாரும் நாற்காலியில் உட்கார வேண்டியதில்லை. சரியாகக் குறிபார்க்கத் தெரியாதவர்கூட, ரெண்டு பேர் மறைத்து நிற்க, கடைசிப் பத்து விநாடியில் பாய்ந்து பலகையைத் திருப்பிவிட்டு ஆட்டத்தை ஜெயித்துக் கொடுக்கலாம்.

கொடி பிடிப்பதும் நல்ல ஆட்டம்தான். ஆனால் ஆளுக்கொரு தளத்தில் கொடி வைத்தால் பாதிப் பேர் சொந்தக் கொடிக்குக் காவல் காத்தே பொழுதைக் கழிப்பார்கள். ஒரே கொடியை நடுவில் வைத்து, அதை எதிரணியின் தளத்தில் கொண்டுபோய் ஊன்ற வேண்டும் என்று மாற்றிவிட்டால் வேகம் வந்துவிடும்.

'விஐபி' ஆட்டத்தில் ஒருவரை மைதானத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் பத்திரமாகக் கூட்டிப் போக வேண்டும். விஐபி கையில் கன் இருக்காது. மேனேஜரை விஐபி ஆக்கலாம் என்று எல்லா டீமிலும் ஒருவர் யோசனை சொல்வார். அப்ரைசல் மாதத்தில் வேண்டாம்.

'ஜாம்பி' ஆட்டத்தைத்தான் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கையால் தொட்டாலே தொற்றிக்கொள்ளும், தொற்றியவரும் ஜாம்பி ஆகிவிடுவார் என்பது கேட்கச் சுவாரசியமாக இருக்கும். ஆனால் கன் இல்லாமல் ஓடிவரும் முதல் இரண்டு ஜாம்பிகள் வாங்குகிற அடி கொஞ்சநஞ்சமல்ல. அந்த வேடம் பெரும்பாலும் டீமில் புதிதாகச் சேர்ந்தவர் தலையில்தான் விழும். ஆடியே தீருவோம் என்றால், தெரிந்தே கை தூக்குகிறவர்களை மட்டும் ஜாம்பி ஆக்குங்கள்.

வலி விஷயத்தில் மழுப்ப வேண்டாம்

"ஒண்ணும் வலிக்காது, வாங்க" என்று இழுத்துப் போவது நேர்மை இல்லை. பெயின்ட்பால் என்பது 0.68 அங்குல விட்டமுள்ள ஜெலட்டின் உருண்டை. மைதானங்களில் பொதுவாக ஏற்கப்பட்ட உச்ச வேகம் விநாடிக்கு 300 அடி, அதாவது மணிக்குச் சுமார் 330 கி.மீ. தூரத்திலிருந்து வந்தால் சுளீர் என்று ஒரு அடி. பக்கத்திலிருந்து பட்டால் பல நாளைக்கு நிற்கும் கன்றிய தழும்பு.

அதனால் எந்த ஃபார்மேட் ஆடினாலும் சரணடையும் விதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எதிரியை மிக அருகில், இருபது அடிக்குள் பிடித்துவிட்டால் சுடக் கூடாது, "சரண்டர்" என்று சொன்னாலே அவர் அவுட். எங்கள் ஆட்டத்தில் இது இல்லை. ஜூனியர் ஒருவர் நாலடி தூரத்தில் முதுகில் வாங்கினார். சுட்டவர் அவருடைய டீம் லீட். திங்கள்கிழமை அலுவலக வாட்ஸ்அப் குரூப்பில் அந்த வீடியோவுக்குச் சிரிப்பு எமோஜிகள் குவிந்தன. அவரும் ஒன்று போட்டார். வேறென்ன போடுவார்?

முகக்கவசத்தை மைதானத்துக்குள் எக்காரணம் கொண்டும் கழற்றக் கூடாது. வியர்வையில் மூடுபனி மாதிரி ஆகிவிட்டாலும் வெளியே வந்துதான் துடைக்க வேண்டும். கண்ணில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், கர்ப்பிணிகள், வெறுமனே விருப்பமில்லாதவர்கள் யாரிடமும் காரணம் கேட்டுத் துருவாதீர்கள். பலகை எத்தனை முறை திரும்பியது என்று கணக்கு வைக்கவும் விசில் அடிக்கவும் ஆள் வேண்டும். அது போட்டோ எடுப்பதைவிட எவ்வளவோ மேல்.

புக் பண்ணும் முன் ஒரு போன்

பல இடங்களில் பேக்கேஜ் விலை குண்டின் எண்ணிக்கையை வைத்துத்தான். தீர்ந்தால் காசு கொடுத்து மேலே வாங்க வேண்டும். உயிர் பெற்றுத் திரும்ப வரும் ஆட்டங்களில் குண்டு வேகமாகக் கரையும் என்பது உண்மை. இதை நிர்வாகத்தின் கையில் விடாமல் நீங்களே விதியாக்குங்கள்: ஒரு ஆட்டத்துக்கு ஆளுக்கு 20 குண்டு, அவ்வளவுதான். கண்மூடித்தனமாகச் சுட்டுத் தள்ளுகிறவர் ஐந்தாவது நிமிடம் வெறும் கன்னோடு நிற்பார், பதுங்கியிருந்த அக்காவிடம் இன்னும் பன்னிரண்டு மீதி இருக்கும். சுடத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் உள்ள இடைவெளி அங்கேயே பாதி குறைந்துவிடும்.

போனில் மூன்று விஷயம் கேளுங்கள். அந்த நேரத்தில் மைதானம் எங்களுக்கு மட்டுமா, இல்லை வேறு கூட்டத்தோடு சேர்த்துவிடுவீர்களா? நாங்கள் சொல்லும் விதியை உங்கள் நடுவர் நடத்திக் கொடுப்பாரா? கூடுதல் குண்டு என்ன விலை? இரண்டாவது கேள்விக்கு, "சார், எல்லாரும் நார்மல் மேட்ச்தான் ஆடுவாங்க" என்று பதில் வந்தால் இன்னொரு இடத்துக்கு போன் போடுங்கள். ஒரு பலகையைத் திருப்பி வைக்கச் சம்மதிக்காத இடத்தில் சரணடையும் விதியை யார் கவனிக்கப் போகிறார்கள்?

எலிமினேஷனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடைசி ஆட்டமாக வையுங்கள். அதற்குள் எல்லாருக்கும் கன் கைக்குப் பழகியிருக்கும். வெறியோடு ஆட நினைப்பவர்கள் ஆடட்டும், போதும் என்கிறவர்கள் முகம் கழுவிக்கொண்டு டீ சொல்லப் போகட்டும்.