தேய்ந்து போனால் தூக்கி எறிவதா?

பழவேற்காடு ஏரிக்கரையில் வலை கிழிந்தால், யாரும் அதை எறிந்துவிடுவதில்லை.

கிழிந்த இடத்தை மட்டும் வெட்டி எடுப்பார்கள். புது நூல் கொண்டு, கண் கண்ணாகப் பின்னிச் சேர்ப்பார்கள். அதே வலை மறுபடியும் மீன் பிடிக்கும்.

மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரிந்த இந்தப் பாடம், பழைய பந்தயக் கார் வைத்திருக்கும் பணக்காரர்கள் பலருக்குத் தெரியவில்லை!

துள்ளலை அடக்கும் கருவி

காரின் சக்கரத்துக்கு மேலே சுருள்வில் இருக்கிறது. பள்ளத்தில் இறங்கினால் வில் அமுங்கும். பிறகு துள்ளும்.

அந்தத் துள்ளலை அடக்குவதுதான் 'ஷாக் அப்சார்பர்'. அது எண்ணெய் நிரம்பிய ஒரு குழாய். உள்ளே பிஸ்டன் ஏறி இறங்கும். சின்னத் துளைகள் வழியாக எண்ணெய் நெருக்கிக்கொண்டு போகும்போது, துள்ளல் அடங்கிவிடும்.

இது தேய்ந்தால் என்ன ஆகும்? சக்கரம் தரையை விட்டு எழும்பும். தரையைத் தொடாத சக்கரத்துக்குப் பிரேக் போட்டு என்ன பயன்? கிராமத்துச் சாலையில் ஒரு குழந்தை குறுக்கே ஓடி வந்தால், நினைக்கவே நெஞ்சு நடுங்குகிறது.

சோழவரம் சொன்ன பாடம்

பழவேற்காடு இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான் சோழவரமும் இருக்கிறது. அங்கே பழைய விமான ஓடுதளம் ஒன்று உண்டு. 1953-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், அங்கே பல ஆண்டுகள் கார்ப் பந்தயம் நடத்தியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் புதுப் பந்தயச் சாலை வந்தது.

பந்தயத்தில் வேகம் மட்டும் போதாது. வளைவில் நான்கு சக்கரமும் தரையைப் பிடிக்கவேண்டும். அதற்காகவே, இறுக்கவும் தளர்த்தவும் கூடிய ஷாக் அப்சார்பர்களைப் பந்தயக் கார்களில் பொருத்துகிறார்கள்.

இதில் பெயர் பெற்றது, டச்சுக்காரர்களின் 'கோனி' கம்பெனி. 1613-ல் பழவேற்காட்டில் கோட்டை கட்டினார்களே, அந்த டச்சுக்காரர்களின் நாடுதான்!

கோனியின் பழைய வகையில் ஒரு விசேஷம் உண்டு. தேய்மானத்தை ஈடு செய்யவே அதில் திருகும் வசதி வைத்தார்கள். தேய்ந்தால் எறியாதே, இறுக்கிக்கொள் என்பதுதான் அதன் பொருள்.

எப்படிச் செய்வது?

அந்தக் கருவியைக் காரிலிருந்து கழற்றவேண்டும். தண்டை முழுவதும் உள்ளே அமுக்கி, மெதுவாகத் திருப்பவேண்டும். உள்ளே பிடி கிடைத்ததும், கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கவேண்டும். இடது பக்கம் எவ்வளவோ, வலது பக்கமும் அவ்வளவே. ஒரு பக்கம் கூடினால், கார் ஒரு பக்கம் இழுக்கும்.

எண்ணெய் கசிந்தால், இறுக்கி மட்டும் பயன் இல்லை. பிரித்து, புது சீல் போட்டு, எண்ணெய் மாற்றவேண்டும். தண்டு வளைந்திருந்தால் அதை மாற்றத்தான் வேண்டும். உப்புக் காற்றில் துருப்பிடித்த போல்ட்டை முரட்டுத்தனமாகத் திருகக்கூடாது. எண்ணெய் விட்டுக் காத்திருக்கவேண்டும்.

ஒரு எச்சரிக்கை: அமுங்கிய சுருள்வில் விடுபட்டால் ஆளையே அடித்துவிடும். தக்க கருவி இல்லாமல், வீட்டில் யாரும் கை வைக்கவேண்டாம்.

கூலி கொடுக்க மனம் இல்லையா?

இவ்வளவும் பொறுமையாகச் செய்ய ஒரு நாள் ஆகலாம். வேலை முடித்த மெக்கானிக் கூலி கேட்டால் என்ன பதில் வருகிறது?

"புதுசாக ஒன்றும் போடவில்லையே! எதற்கு இவ்வளவு பணம்?"

அதே மெக்கானிக் பழையதை எறிந்து, வெளிநாட்டுப் பாகத்தை மாட்டினால், பல மடங்கு பணத்தை மறுபேச்சு இல்லாமல் கொடுக்கிறார்கள். பிறகு, எந்த மெக்கானிக் ரிப்பேர் செய்ய முன்வருவார்? எந்தப் பையன் அந்தத் தொழிலைக் கற்றுக்கொள்வான்?

பொருளுக்கு விலை உண்டு. அதைச் சரி செய்யும் கைக்கும் விலை உண்டு. கைக்கு உரிய கூலி கிடைக்காத ஊரில், நல்ல பொருளும் குப்பைக்குத்தான் போகும்.

வலை பின்னும் கையை ஏரிக்கரை மதிக்கிறது. கார் பழுது பார்க்கும் கையைப் பட்டணமும் மதிக்கட்டும்!