வலையில் சிக்கிய பறவை



சென்ற தவக்காலத்தில் பங்கு வீடுகளைச் சந்தித்து வருகையில் ஒரு தாய், "சாமி, மூத்தவளுக்கு வரன் அமையவில்லை, வாங்கிய கடனும் அடையவில்லை. இரவெல்லாம் கையில் செபமாலை இருக்கிறது, தூக்கந்தான் இல்லை. எனக்கு விசுவாசம் போதாதோ?" என்று கேட்டார். கவலையைக் காட்டிலும், கவலைப்படுகிறோமே என்ற குற்ற உணர்வே அவரை அதிகம் வாட்டுவதைக் கண்டேன்.

கவலை வருவதாலேயே ஒருவர் விசுவாசமற்றவர் ஆகிவிடுவதில்லை. புனித பிரான்சிஸ் சலேசியாருக்கும் அது வந்தது.

1586-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் பாரிஸ் நகரில் சேசு சபையாரின் கல்லூரியில் பயின்றுகொண்டிருந்தார். வயது 19. மீட்படைவோர் யார், இழந்துபோவோர் யார் என்னும் தர்க்கங்கள் மும்முரமாக நடந்த காலம் அது. 'நான் நித்தியத்திற்கும் தள்ளுண்டவனோ?' என்ற அச்சம் அவ்விளைஞரைப் பற்றிக்கொண்டது. உணவு செல்லவில்லை, உறக்கம் வரவில்லை, உடல் நலிந்தது. ஏறத்தாழ ஆறு வாரங்கள் இவ்வாறு கழிந்தன.

விடுதலை எவ்வாறு வந்தது? கேள்விக்கு விடை கிடைத்ததனால் அன்று. மறுமையில் தமக்கு எது நேரினும், இம்மையிலாவது இறைவனை முழு இதயத்தோடு நேசிப்பதென்று அவர் தம்மைக் கையளித்தார். புனித முடியப்பர் ஆலயத்தில் தேவதாயின் சுரூபத்தின்முன் முழந்தாளிட்டு, புனித பெர்நார்துவின் பெயரால் வழங்கும் செபத்தைச் சொன்னார். அச்சம் அகன்றது.

பின்னாளில் ஜெனீவா ஆயரான அவர், இல்லறத்தாருக்கும் பயன்படுமாறு 1609-இல் வெளியிட்ட பக்தி நூலில் கவலையை வலையில் சிக்கிய பறவைக்கு ஒப்பிடுகிறார். பதறிச் சிறகடிக்க அடிக்க வலை இன்னும் இறுகும். ஆகவே முதலில் மனத்தை அமைதிப்படுத்துங்கள். பிறகு செய்யவேண்டியதை நிதானமாகச் செய்யுங்கள். துயரத்தை ஆன்ம குருவிடமோ நம்பிக்கைக்குரிய நண்பரிடமோ திறந்து சொல்லுங்கள் என்பது அவருடைய அறிவுரை.

நம் ஆண்டவரும் வானத்துப் பறவைகளைக் காட்டியபோது உழைக்க வேண்டாமென்று சொல்லவில்லை. நாளைய சுமையை இன்றே தூக்க வேண்டாமென்றார்.

நம் இல்லங்களில் கணவன் ஒரு மூலையிலும் மனைவி ஒரு மூலையிலும் ஒரே கவலையைத் தனித்தனியே சுமக்கிறார்கள். இன்றிரவு குடும்ப செபம் முடிந்ததும் அதை ஒருவருக்கொருவர் சொல்லுங்கள். நாளை செய்யக்கூடிய ஒன்றைத் தீர்மானியுங்கள். எஞ்சியதை இறைவனிடம் ஒப்படைத்து உறங்கச் செல்லுங்கள். வாரக்கணக்கில் உறக்கம் இல்லையெனில் மருத்துவரை நாடத் தயங்காதீர்கள். மருத்துவமும் அவர் தந்த கொடையே.

அந்தத் தாயின் மகளுக்கு வரன் இன்னும் அமையவில்லை. ஆனால் கடன் விவரம் முழுவதையும் கணவரிடம் சொல்லிவிட்டதாகவும், இருவரும் சேர்ந்து மாதந்தோறும் சிறிது சிறிதாக அடைத்து வருவதாகவும் சென்ற ஞாயிறு பூசைக்குப் பின் கூறினார். "இப்போது தூங்குகிறேன், சாமி" என்றார்.

இறைவனின் சமாதானம் உங்கள் இல்லங்களில் தங்குவதாக!

உங்கள் பங்குக்குரு