மான்களை எண்ணுவோரும் மான்களை நம்பி வாழ்வோரும்

கனடாவின் வடமேற்குப் பிராந்தியத்தில் கரிபூ எனப்படும் துருவ மான்களின் மந்தைகளுள் ஒன்றான பதர்ஸ்ட் மந்தையில், 1986ஆம் ஆண்டில் ஏறத்தாழ 4 இலட்சத்து 70 ஆயிரம் மான்கள் இருந்ததாக அப்பிராந்திய அரசாங்கத்தின் கணக்கெடுப்புகள் தெரிவித்தன. 2009இல் அத்தொகை சுமார் 32 ஆயிரமாகவும் 2018இல் சுமார் 8 ஆயிரமாகவும் வீழ்ச்சியடைந்தது. 2021இல் வெளியான மதிப்பீடு வெறும் 6 ஆயிரத்து 240. ஒரு மனிதரின் வாழ்நாளில் பாதிக்கும் குறைவான காலத்தில் ஒரு பெரும் மந்தை நூற்றுக்கு ஒன்று என்ற நிலைக்கு வந்திருக்கிறது. இந்த இலக்கங்களை அறிவியலாளர்கள் பேரிடர் என்கின்றனர். ஆனால் அந்த மான்களை நம்பியே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வரும் டெனே மக்களில் கணிசமானோர் நீண்ட காலம் இவ்விலக்கங்களை நம்ப மறுத்தனர்.

மான் குறைந்தால் அதை முதலில் அறிய வேண்டியவன் வேட்டைக்காரன் அல்லவா, அவனே ஏன் நம்ப மறுக்கிறான் என்று கேட்கத் தோன்றும். அரசாங்கத்தின் மீது கொண்ட பிடிவாதம் என்றோ அறியாமை என்றோ இதனை ஒதுக்கிவிடுவது எளிது. கனடாவின் அதிகாரிகள் பல தசாப்தங்களாக அவ்வாறே செய்தும் வந்தனர். எனினும் இந்த அவநம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. அதனை அறியாமல் இன்றைய சர்ச்சையை விளங்கிக்கொள்ள முடியாது.

மரங்கள் அடர்ந்த வனப்பகுதிக்கும் மரமே வளராத துருவச் சமவெளிக்கும் இடையில் இந்த மான்கள் ஆண்டுதோறும் பல நூறு கிலோமீற்றர் தூரம் இடம்பெயர்கின்றன. குளிர்காலத்தைக் காட்டோரத்தில் கழித்துவிட்டு, கோடை தொடங்கும் ஜூன் மாதத்தில் வடக்கே சென்று கன்று ஈனுகின்றன. பயிர்ச்செய்கைக்கு இடமில்லாத அந்த மண்ணில் டெனே மக்களுக்கும், மேலும் வடக்கே வாழும் இனுவிட் மக்களுக்கும் உணவும் உடையும் கூடாரத் தோலும் இம்மான்களிடமிருந்தே கிடைத்தன. இன்று அங்கு கடைகள் உண்டு. ஆயினும் தொலைவிலிருந்து விமானத்தில் வந்திறங்கும் இறைச்சியின் விலை ஏழைக் குடும்பங்களுக்கு எட்டாதது. எனவே அங்கு வேட்டை பொழுதுபோக்கு அன்று. அது நம் நாட்டின் மீனவருக்குக் கடல் எப்படியோ அப்படியானது.

1940களின் இறுதியில் அரசாங்கத்தின் உயிரியலாளர்கள் விமானத்திலிருந்து இம்மான்களை எண்ணத் தொடங்கினர். 1950களில் நடத்தப்பட்ட அடுத்த கணக்கெடுப்புகள் தொகை சடுதியாகக் குறைந்துவிட்டதாகக் காட்டியபோது 'கரிபூ நெருக்கடி' என்ற சொல் ஒட்டாவாவில் பிரபலமாயிற்று. பழங்குடி மக்கள் தேவைக்கு மிஞ்சிக் கொன்று குவிக்கின்றனர் என்பதே அன்றைய அதிகாரிகளின் முடிவு. எண்ணும் முறையே அப்போது தொடக்க நிலையில் இருந்தது. மேகமும் பனியும் மறைத்த இடங்களை ஊகத்தால் நிரப்பினர். அந்த முடிவு பற்றி வேட்டைக்காரர்களிடம் எவரும் கேட்கவில்லை. அதே தசாப்தத்தில்தான் கரிபூவை மட்டுமே நம்பி வாழ்ந்த அஹியார்மியுட் என்னும் சிறு இனுவிட் குழுவை அரசாங்கம் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் பெயர்த்தது. மான் வராத இடங்களில் விடப்பட்டவர்களுள் பலர் பட்டினியால் மாண்டனர். அதற்காகக் கனடிய அரசாங்கம் மன்னிப்புக் கோரியது 2019 ஜனவரியில்தான். அறுபது ஆண்டுகள் கழித்து வந்த மன்னிப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அந்த அறுபது ஆண்டுகளில் ஒரு சமூகத்தின் மனதில் என்ன உறைந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

இதனினும் முக்கியமான நிகழ்வு 1980ஆம் ஆண்டை ஒட்டி இடம்பெற்றது. ஹட்சன் குடாவின் மேற்கே உள்ள கமனிர்ஜுவாக் மந்தையில் 40 ஆயிரம் அளவிலேயே மான்கள் எஞ்சியிருப்பதாகவும் வேட்டையைக் கட்டுப்படுத்தாவிட்டால் மந்தை அழிந்துவிடும் எனவும் உயிரியலாளர்கள் எச்சரித்தனர். மான்கள் அழியவில்லை, வேறிடம் சென்றிருக்கின்றன, நீங்கள் தேடாத இடத்தில் அவை நிற்கின்றன என்று இனுவிட் வேட்டைக்காரர்கள் கூறினர். அவர்களுக்கு வேறொரு மனக்குறையும் இருந்தது. யுரேனியம் தேடி வந்த கம்பனிகளின் விமானங்களும் முகாம்களும் மான்களைக் கலைக்கின்றன என்று பேக்கர் லேக் மக்கள் நீதிமன்றம் சென்றிருந்தனர். 1979இல் வழங்கப்பட்ட தீர்ப்பு அந்நிலத்தின் மீது அவர்களுக்கு உரித்து உண்டென ஏற்றுக்கொண்டது. ஆனால் கனிமத் தேடலைத் தடுக்கவில்லை. கம்பனிக்கு வழி திறந்திருக்க, வேட்டைக்காரனுக்கு மட்டும் கட்டுப்பாடு என்ற நிலையில் அரசாங்கத்தின் எச்சரிக்கையை எவர் செவிமடுப்பர்?

அடுத்து வந்த கணக்கெடுப்புகள் வேட்டைக்காரர்கள் பக்கமே நியாயம் இருந்ததைக் காட்டின. சில ஆண்டுகளிலேயே மதிப்பீடு பன்மடங்கு உயர்ந்தது. அவ்வளவு விரைவில் மான்கள் ஈன்று பெருகியிருக்க இயலாது. முன்னர் எண்ணாமல் விடப்பட்டவை இப்போது எண்ணப்பட்டன என்பதே பொருள். 1994இல் அம்மந்தையின் தொகை 4 இலட்சத்து 96 ஆயிரம் என மதிப்பிடப்பட்டது. இதற்கிடையில், 1982இல், வேட்டைச் சமூகங்களின் பிரதிநிதிகள் பெரும்பான்மையாக அமர்ந்த ஒரு கூட்டு முகாமைத்துவச் சபையை அரசாங்கங்கள் ஏற்க நேர்ந்தது. அது இன்றும் இயங்குகிறது.

இந்தப் பின்னணியில்தான் பதர்ஸ்ட் மந்தையின் கதையை நோக்க வேண்டும். கன்று ஈனும் நாட்களில் பெண் மான்கள் ஓரிடத்தில் கூடும்போது விமானத்திலிருந்து நிழற்படம் எடுத்து, அவற்றை எண்ணி, அதிலிருந்து முழு மந்தையின் தொகையைக் கணிப்பதே இன்றைய முறை. எங்கே பறந்து படம் எடுப்பது என்பதை அறிவதற்காகச் சில பெண் மான்களின் கழுத்தில் செய்மதியுடன் தொடர்புடைய பட்டிகள் பூட்டப்பட்டுள்ளன. 1950களின் ஊகங்களோடு ஒப்பிடுகையில் இது மிகவும் முன்னேறிய முறை என்பதில் ஐயமில்லை. ஆயினும் டெனே முதியவர்களுக்குக் கழுத்துப்பட்டியே ஓர் அவமதிப்பு. மான் தன்னை மனிதனுக்குத் தானே தருகிறது, அதனை அவமதித்தால் அது திரும்பி வராது என்பது அவர்களின் நம்பிக்கை. வலை வீசி விலங்கைப் பிடித்துக் கருவி பூட்டுவோர், அவ்விலங்கு ஏன் வரவில்லை என்று வேட்டைக்காரனிடம் கேட்பது அவர்களுக்கு வேடிக்கையாகவே பட்டது.

2010 ஜனவரி முதலாம் திகதி முதல் பதர்ஸ்ட் மந்தையின் குளிர்காலப் பகுதியில் வேட்டை முற்றாகத் தடைசெய்யப்பட்டது. வேட்டை உரிமையை உறுதிசெய்த 1900ஆம், 1921ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகள் இருக்க, தங்களுடன் உரியவாறு கலந்து பேசாமல் அரசாங்கம் எவ்வாறு தடை விதிக்கலாம் என யெலோநைவ் நகரை அண்டிய டெனே மக்கள் வெகுண்டனர். தடையை மீறி வேட்டைக்குச் சென்றோரின் இறைச்சியை அதிகாரிகள் பறிமுதல் செய்தனர். கடைசியில் பேச்சுவார்த்தை நடந்தது. ஆண்டுக்கு 300 மான்கள், அவற்றிலும் பெரும்பாலும் ஆண் மான்கள் என்ற உடன்பாடு எட்டப்பட்டது. இதை முதலிலேயே பேசியிருக்கலாம்.

தடை வந்த காலத்தில் அந்த மந்தையின் வலசைப் பாதையில் என்ன நடந்துகொண்டிருந்தது? 1998இல் எகாட்டி, 2003இல் டயாவிக், 2008இல் ஸ்னாப் லேக் என வைரச் சுரங்கங்கள் அடுத்தடுத்துத் திறக்கப்பட்டன. வீழ்ச்சி உச்சத்தை எட்டிய பின்னரும், 2016இல், கச்சோ குவே சுரங்கம் உற்பத்தியைத் தொடங்கியது. சுரங்கங்களுக்கான பனிப்பாதையில் குளிர்காலம் முழுவதும் பாரவூர்திகள் ஓடின. சுரங்கங்கள் மட்டுமே வீழ்ச்சிக்குக் காரணம் என்று எவரும் நிறுவவில்லை; நாமும் அவ்வாறு கூறவில்லை. ஆனால் துப்பாக்கியைக் கீழே வைக்குமாறு ஏழை வேட்டைக்காரனுக்கு ஓர் இரவில் ஆணையிட்ட அதே அரசாங்கம், சுரங்கங்களின் விடயத்தில் ஆய்வும் கண்காணிப்பும் போதும் என்று அமைதி கண்டது. அவநம்பிக்கையின் வேர் விமான நிழற்படத்தில் இருந்ததை விட இங்கேதான் அதிகம் இருந்தது என்பது நமது கருத்து.

இவ்வளவும் கூறிய பின்னர் மறுபக்கத்தையும் கூறாவிட்டால் நாம் நேர்மையற்றவர்களாவோம். பதர்ஸ்ட் விடயத்தில் அரசாங்கத்தின் இலக்கங்கள் அடிப்படையில் சரியாகவே இருந்தன. கழுத்துப்பட்டி பூட்டிய மான்களில் சில அயல் மந்தையுடன் சேர்ந்தமை பின்னர் பதிவாகியுள்ளதால், வேறிடம் சென்றன என்ற வேட்டைக்காரர்களின் கூற்றிலும் ஓரளவு உண்மை உண்டு. எனினும் மறைந்த இலட்சக்கணக்கான மான்கள் எங்கும் ஒளிந்திருக்கவில்லை. கியூபெக், லப்ரடோர் பகுதியின் ஜோர்ஜ் ஆற்று மந்தையிலும் இதுவே நடந்தது. 1990களின் தொடக்கத்தில் சுமார் 8 இலட்சமாக இருந்த அந்த மந்தை 2018இல் 5 ஆயிரத்து 500 ஆகச் சுருங்கிற்று. 2013இல் லப்ரடோரில் விதிக்கப்பட்ட தடையை இன்னு மக்களின் தலைமை ஏற்க மறுத்தது. காலநிலை மாற்றம், காட்டுத்தீ, ஓநாய்கள் எனக் காரணங்கள் பல இருப்பினும், மந்தை சிறுத்துவிட்ட நிலையில் ஒவ்வொரு பெண் மானின் இழப்பும் பாரதூரமானதே. பனிப்பாதையும் பனி ஊர்தியும் வேட்டையை முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு எளிதாக்கியிருந்தன. 1980இல் வேட்டைக்காரன் சொன்னது சரியாயிற்று என்பதற்காக 2010இலும் அவன் சொன்னதே சரி என்றாகிவிடாது. முன்னர் தவறாக எச்சரித்த அரசாங்கம் சரியாக எச்சரித்த வேளையில் கேட்பதற்கு ஆளில்லாமற் போனது. அதற்கான விலையைக் கொடுத்தவை மான்கள்.

மாற்றம் எங்கிருந்து வந்தது என்பதுதான் இதில் நமக்குச் சுவையானது. டெனே மக்களுள் ஒரு பிரிவினரான ட்லிச்சோ மக்கள் 2005இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையின் மூலம் தமக்கென ஓர் அரசாங்கத்தையும் நிலத்தையும் பெற்றனர். வனவிலங்கு பற்றிய தீர்மானங்களுக்கென அமைந்த சபையில், தலைவர் நீங்கலாக, உறுப்பினர்களில் பாதிப்பேரை அவர்களே நியமிக்கின்றனர். அந்தச் சபை 2016இல் பதர்ஸ்ட் மந்தையில் வேட்டையின் அளவு பூச்சியம் எனத் தீர்மானித்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன்னர் பெரும் கொந்தளிப்பை ஏற்படுத்திய தடையை விடக் கடுமையான தீர்மானம் அது. அதே 2016 முதல் ட்லிச்சோ முதியவர்களும் இளைஞர்களும் கோடை தோறும் கொன்ட்வொய்ட்டோ ஏரிக்கரையில் முகாமிட்டு, நடந்து சென்று மான்களை அவதானித்து வருகின்றனர். கன்றுகள் எத்தனை, கால் நொண்டுபவை எத்தனை, ஓநாய்கள் எங்கே என்று அவர்கள் குறித்து வைப்பவை வானிலிருந்து எடுக்கும் படத்தில் தெரியாதவை. இதனால் எல்லாம் சுமுகமாகிவிட்டது என்று எண்ணற்க. பாதுகாக்கப்பட்ட வலயத்தினுள் இரகசியமாகச் சுடுவோர் இன்னமும் உள்ளனர், மந்தையும் மீளவில்லை.

தொலைதூரத் துருவத்தின் கதையை இத்தனை விரிவாகக் கூறியதற்குக் காரணம் உண்டு. இலங்கையில் 2025 மார்ச் 15ஆம் திகதி காலை எட்டு மணிக்கு ஐந்து நிமிட நேரம் நாடெங்கும் பயிரை அழிக்கும் விலங்குகள் எண்ணப்பட்டன. குரங்குகள் 50 இலட்சத்துக்கும் அதிகம், மயில்கள் 40 இலட்சத்துக்கும் அதிகம் என முடிவு வெளியாயிற்று. இங்கு எண்ணியவர்கள் மக்களே. ஆயினும் அந்த இலக்கங்களைக் கேட்டுச் சிரித்தவர்கள் பலர். மக்களின் கையில் படிவத்தைக் கொடுப்பது மாத்திரம் கூட்டு முகாமைத்துவம் ஆகாது. மறுபுறம், 1990இல் வெளியேற்றப்பட்ட வடபுல முஸ்லிம்கள் மீளக் குடியேற முனைந்த முசலிப் பிரதேசத்தில், தங்கள் பூர்வீக நிலங்களும் உள்ளடங்குவதாக அவர்கள் முறையிட்ட மாவில்லு பேணற்காடு 2017 மார்ச்சில் வர்த்தமானி மூலம் பிரகடனம் செய்யப்பட்டது. வரைபடம் கொழும்பில் வரையப்படும்போது அந்த நிலத்தின் மக்கள் அங்கிருப்பதில்லை என்பது வடக்கு, கிழக்கின் தமிழருக்கும் புதிய அனுபவம் அன்று.

வேட்டையென்று வரும்போது நமது நாட்டில் நேரடியாக நினைவுக்கு வருவோர் வேடர் சமூகத்தினரே. தம்பானைப் பகுதி வேடர்கள் மான் வேட்டையாடியும் தேன் எடுத்தும் வந்த காடு 1983இல் மாதுறு ஓயா தேசிய பூங்காவாயிற்று. அன்று வரை தொழிலாக இருந்தது மறுநாள் குற்றமாயிற்று. வன்னில அத்தோ 1996இல் ஜெனீவா சென்று ஐக்கிய நாடுகள் செயற்குழுவின் முன்னிலையில் இதனை எடுத்துரைத்தார். அதற்கு முன்னரும் பின்னரும் சில சலுகைகள் பற்றிப் பேசப்பட்ட போதிலும், அக்காட்டின் முகாமைத்துவத்தில் அவர்களுக்குச் சமமான ஆசனம் பற்றிப் பேசப்பட்டதாக நாம் அறியோம். மாதுறு ஓயாவில் எத்தனை மான்கள் உள்ளன என வனஜீவராசிகள் திணைக்களம் அடுத்த முறை எண்ணப் புறப்படும்போது, அந்தக் காட்டின் ஒவ்வொரு நீர்நிலையையும் பெயர் சொல்லி அறிந்த தம்பானை முதியவர் ஒருவரை அழைத்துச் செல்லுமா?