பெயர்ப் பட்டியல் யார் கையில்?



ஒரு லேபில் நாற்பது கம்ப்யூட்டர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் 192.168.1.17 என்பது மாதிரி ஒரு எண். இதையெல்லாம் யார் மனப்பாடம் பண்ணுவது? அதனால்தான் 'சர்வர்', 'பிரிண்டர்', 'லேப்17' என்று பெயர் வைக்கிறோம். பெயரைச் சொன்னால் எண்ணைத் தேடித் தருவதற்கு ஒவ்வொரு மெஷினிலும் 'ஹோஸ்ட்ஸ்' என்று ஒரு சின்ன ஃபைல் இருக்கிறது. விண்டோஸிலும் உண்டு, லினக்ஸிலும் உண்டு.

சரி, சர்வரின் எண் மாறினால்? நாற்பது மெஷின் முன்னாலும் போய் உட்கார்ந்து நாற்பது ஃபைலையும் திருத்த வேண்டும். ஒன்றுக்கு இரண்டு நிமிடம் என்றாலும் எண்பது நிமிடம் காலி. இரண்டு மெஷின் விட்டுப்போனால் போச்சு! அதில் உட்காருகிறவன் "சார், கனெக்ட் ஆகமாட்டேங்குது" என்பான். "நீ எதையோ நோண்டியிருப்பே" என்று அவனுக்குத்தான் திட்டு விழும். தப்பு அவன் மேல் இல்லை. நாற்பது இடத்தில் நாற்பது பட்டியல் வைத்த முறை மேல்.

என் கருத்து இதுதான்: பெயர்ப் பட்டியல் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், அதைப் பராமரிக்கும் பொறுப்பை மாணவர்களிடம் கொடுக்க வேண்டும்.

இது புதுச் சிக்கல் இல்லை. இன்டர்நெட்டுக்கு முன்னோடியான அர்பாநெட்டே இதில் மாட்டிக்கொண்டது. அந்த நெட்வொர்க்கில் இருந்த எல்லாக் கணினிகளின் பெயர்களும் ஒரே ஃபைலில் இருந்தன. அமெரிக்காவில் மென்லோ பார்க் ஊரிலிருந்த எஸ்.ஆர்.ஐ. நிறுவனத்தின் தகவல் மையம் அதைப் பராமரித்தது. எலிசபெத் ஃபெயின்லர் என்ற அம்மையார் அந்த மையத்தின் தலைவர். புதுக் கணினி சேர்ந்தால் அவர்களிடம் தெரிவிக்க வேண்டும். அவர்கள் ஃபைலைத் திருத்துவார்கள். மற்றவர்கள் அதை இறக்கிக்கொள்வார்கள். கணினிகள் பெருகப் பெருக ஃபைலும் பெருத்தது, இறக்குகிறவர்களும் பெருகினார்கள். ஊர் முழுக்க ஒரே கிணற்றில் தண்ணீர் சேந்திய கதைதான்! புதுப் பட்டியல் எல்லோர் கைக்கும் போய்ச் சேருவதற்குள் அது பழசாகிவிடும்.

இதற்கு விடையாக 1983-ல் பால் மோக்கபெட்ரிஸ் டி.என்.எஸ். முறையை எழுதினார். முழுப் பட்டியலையும் ஒருத்தரே சுமக்க வேண்டாம். அவரவர் பகுதிக்கு அவரவர் பொறுப்பு. கேட்டால் பதில் சொன்னால் போதும் என்பதே அதன் சாரம். இன்றும் நாம் பிரவுசரில் ஒரு பெயரை அடித்தால் வேலை செய்வது இந்த முறைதான்.

ஒரே கட்டடத்துக்குள் இருக்கும் நெட்வொர்க்குக்கு சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1980-களில் வேறொரு வழி செய்தது. டெலிபோன் டைரக்டரி மாதிரி ஒரு சர்வரில் பட்டியலை வைத்து, மற்ற மெஷின்கள் அதைக் கேட்டுக்கொள்ளும் ஏற்பாடு. முதலில் வைத்த பெயர் 'யெல்லோ பேஜஸ்'. அது பிரிட்டிஷ் டெலிகாமின் டிரேட்மார்க் என்பதால் பிறகு என்.ஐ.எஸ். என்று மாற்றினார்கள். பெயர்களைக் கவனிக்க வந்த மென்பொருளுக்கே பெயர்த் தகராறு!

"ஒரே சர்வரை நம்பினால், அது படுத்தால் எல்லாம் படுத்துடுமே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் முடங்கின. பராமரிப்பு வேலையின்போது அந்த நிறுவனத்தின் உள் இணைப்புகள் அறுந்தன. உடனே அதன் டி.என்.எஸ். சர்வர்களுக்கு வரும் வழியும் இன்டர்நெட்டிலிருந்து மறைந்துபோனது. சர்வர்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன, ஆனால் யாராலும் அணுக முடியவில்லை. இதிலிருந்து நமக்குப் பாடம், மையப் பட்டியலே வேண்டாம் என்பதல்ல. இரண்டாவது பிரதி ஒன்று வேண்டும், அதுவும் முதல் சர்வரின் அதே சுவிட்சையும் அதே கரண்ட் லைனையும் நம்பி இருக்கக் கூடாது. என்.ஐ.எஸ்.ஸிலும் சரி, டி.என்.எஸ்.ஸிலும் சரி, துணை சர்வருக்கு ஆரம்பத்திலேயே இடம் வைத்திருந்தார்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பழைய புத்தகத்தைப் பார்த்து இன்று என்.ஐ.எஸ். போட வேண்டாம். அது பாஸ்வேர்டு விவரங்களையும் நெட்வொர்க்கில் போதிய பாதுகாப்பில்லாமல் அனுப்பும். 2022-ல் வந்த ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9-ல் அதை எடுத்தே விட்டார்கள். பெயர்களுக்கு மட்டும் என்றால் 'டி.என்.எஸ்.மாஸ்க்' என்ற இலவச மென்பொருள் போதும். தான் இருக்கும் மெஷினின் ஹோஸ்ட்ஸ் ஃபைலைப் படித்து, லேப் முழுவதற்கும் பதில் சொல்லும். மூலையில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டர்கள் இரண்டு போதும். எண் மாறினால், முதல் மெஷினில் ஒரு வரியைத் திருத்தி இரண்டாவதற்குக் காப்பி செய்து, இரண்டிலும் அந்த மென்பொருளை ரீஸ்டார்ட் செய்தால் வேலை முடிந்தது.

இதையெல்லாம் மாணவர்களால் செய்ய முடியுமா? டி.என்.எஸ்.ஸுக்காக உலகெங்கும் ஓடும் 'பைண்ட்' மென்பொருளை 1980-களில் முதலில் எழுதியவர்களே பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் நால்வர்தான். அவர்கள் எழுதியே காட்டினார்கள். நாம் ஓட்டிக் காட்டக் கூடாதா?

'டி.என்.எஸ். – சிறுகுறிப்பு வரைக' என்று பரீட்சையில் எழுதுகிறோம். ஆனால் அந்த சர்வரை ஒருநாளாவது தொட்டுப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? நாளைக்கு வேலைக்குப் போகும் இடத்தில் குறிப்பு வரையச் சொல்ல மாட்டார்கள். "நெட்வொர்க் வரல, பாரு" என்பார்கள். எனவே ஆண்டுக்கு நாலு மாணவர்களிடம் இந்தப் பொறுப்பைக் கொடுங்கள். யார், எப்போது, எதை மாற்றினார் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். அடுத்த வருஷம் அந்த நோட்டோடு ஜூனியரிடம் ஒப்படைக்கட்டும். பேரவையும் துறையும் சேர்ந்து மனது வைத்தால், வரும் செமஸ்டரிலேயே தொடங்கிவிடலாம்.

– இறுதியாண்டு மாணவன், கணினிப் பொறியியல்