நாய்க்குட்டிக்குக் குலம் எதற்கு?

சென்ற ஆவணியில் எங்கள் தில்லி விடுதிச் சமையற்கட்டின் பின்புறம் நான்கு குட்டிகள் பிறந்தன. தாய் தெருநாய், தந்தை எவரென எவரும் அறியார். ஆயினும் ஒரு குட்டியின் காது சற்றே நிமிர்ந்ததும், "அல்சேஷியன் கலப்பு!" என்று தீர்ப்பளித்துவிட்டோம். அறைக்குக் காவலாகும் என்று எடுத்தும் வந்தோம். அதுவோ தீபாவளி வெடிக்கு அஞ்சிக் கட்டிலடியில் ஒளிந்தது. "ஏமாற்றிவிட்டதே!" என்று நண்பர்கள் சினந்தனர். ஏமாற்றியது குட்டியா, நமது கற்பனையா?

தோழர்களே, தோற்றத்தைக் கொண்டு கலப்பைக் கணிப்பது பலகாலும் பிழையாகும். கலப்பு மெய்யே என்றாலும் என்ன? 18,000-க்கு மேற்பட்ட நாய்களைப் பற்றிய செய்திகளைத் திரட்டி அமெரிக்க அறிஞர்கள் 2022-இல் 'சயன்ஸ்' இதழில் ஒரு முடிவு வெளியிட்டனர். நாய்க்கு நாய் குணம் வேறுபடுவதில் இனத்தின் பங்கு நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்பதே! சொற்படி கேட்டலிலும் ஊளையிடுதலிலும் இனத்தின் சாயல் சற்று மிகுதி என்பது உண்மை. நம் சிப்பிப்பாறையின் குருதி கலந்த குட்டி முயலைக் கண்டால் பாயவும் கூடும். ஆனால் அச்சம்?

பிறந்த மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழப் பன்னிரண்டாம் வாரம் வரை ஒரு குட்டி பழகும் மனிதரும் கேட்கும் ஒலிகளும் அதன் மனத்தில் ஆழப் பதியும். அந்நாளில் இதற்கு நம்மிடம் கிடைத்தது என்ன? பாதி நாள் எச்சில் சப்பாத்தி. மீதி நாள் கல்லடி. இதில் வீரம் எங்கிருந்து விளையும்?

இப்போது அது என் கட்டிலடியில்தான் உறங்குகிறது. வெறிநோய்த் தடுப்பூசி போட்டாகிவிட்டது. மே மாதத்தில் நாமெல்லாம் கிராண்ட் டிரங்க் வண்டியேறி ஊருக்குப் புறப்படுவோமே, அப்போது இதற்குச் சோறிடுவார் யார்? அல்சேஷியன் என்று பட்டம் சூட்டிய எவரும் இன்னும் வாய் திறக்கவில்லை.